கல்லக்குடியில் வெட்டி, புவனகிரியில் இறக்கிய கல்

கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பார்த்தால் பவளத்தின் மிச்சமும் சுண்ணாம்புப் பாசியின் மிச்சமும் தென்படும். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் போல உள்ளே தள்ளி, திருச்சி–சிதம்பரம் சாலையோரம், புஞ்சைக் காட்டின் நடுவே கிடக்கிற கல் இது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேஷியஸ் காலத்தில், அந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்தது. அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளில் கிடைக்கும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் அந்தக் காலத்துக் கடல்களில் வாழ்ந்தவைதாம்.

இந்தக் கல் சூளையில் வெந்து, பொடியாகி, லாரி ஏறிக் கிழக்கே போகிறது. கடலூர் மாவட்டத்துப் புவனகிரிப் பக்கம் எண்ணெய்க் கிணறு ஒன்றில் இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஒரு விரல் தடிமனே உள்ள சந்தில் இறங்கி உறைகிறது. அதற்குப் பிறகு அதை யாரும் கண்ணால் பார்க்கப்போவதில்லை. காவிரி டெல்டாவில் எண்ணெய்க் கிணறு பற்றி இத்தனை ஆண்டுகளாக இத்தனை பேசியிருக்கிறோம்; இந்தச் சிமெண்டைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. நம் குடிநீருக்கும் கீழே இருக்கும் வாயுவுக்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் இதுதான்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேஷியஸ் பாறைகளைப் பற்றிய தன் ஆய்வை 1862-ல் வெளியிட்டார். இரண்டு மாவட்டங்களையும் ஒரே ஆய்வில் சேர்த்தது பொருத்தம். அரியலூர்–புதுச்சேரித் தாழ்வு என்று இன்று அழைக்கப்படும் படுகையின் மேற்கு விளிம்புதான் கல்லக்குடியும் அரியலூரும். அங்கே வெயிலில் கிடக்கும் அடுக்குகள் கிழக்கே போகப் போக மண்ணுக்குள் சாய்கின்றன. சிதம்பரத்துக்கு வரும்போது அதே காலத்துப் பாறைகள் கிலோமீட்டர் கணக்கில் கீழே போய்விடுகின்றன. அங்கே கடப்பாரை எட்டாது, துளைக்கருவிதான் எட்டும்.

அப்படித் துளைத்தவர்கள் கீழே கண்ட அடுக்குகளுக்கு நம் ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். புவனகிரி மணற்பாறை, சாத்தப்பாடிக் களிப்பாறை, ஆண்டிமடம் அடுக்கு, குமராட்சிக் களிப்பாறை, பரங்கிப்பேட்டையின் பழைய பெயரில் போர்ட்டோ நோவோ களிப்பாறை. காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி 1950-களின் கடைசியில் ஆய்வைத் தொடங்கியது. 1964-ல் காரைக்காலில் முதல் ஆழ்கிணற்றைத் தோண்டியது. 1980-களில் நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெய் கிடைத்தது. புவனகிரியும் அந்தப் பட்டியலில் சேர்ந்த ஊர். ஆகவே கல்லக்குடிக் கல் புவனகிரிக் கிணற்றுக்குள் போவது, ஒரு வகையில், தன் வயதுப் பாறைகளிடமே போவதாகும். இது வெறும் அழகுக்குச் சொல்வதல்ல. அந்தப் பாறைகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைத்தான் அந்தக் கல் தாங்கி நிற்க வேண்டும்.

கல்லக்குடிக்கு டால்மியாபுரம் சிமெண்ட் ஆலை 1939-ல் வந்தது. 1953 ஜூலையில், டால்மியாபுரம் என்றிருந்த ரயில் நிலையத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லிக் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்ததால் ஆலையைவிட ஊரின் பெயர்தான் தமிழ்நாட்டுக்கு அதிகம் தெரியும். எண்ணெய்க் கிணற்றுக்கென்று தனிச் சிமெண்ட் செய்யும் ஆலைகள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டால்மியா அவற்றில் ஒன்று. எந்தக் கிணற்றுக்கு எந்த ஆலைச் சரக்கு என்பதை டெண்டர் தீர்மானிக்கும். நாம் கல்லக்குடிச் சரக்கின் பின்னால் போவோம்.

சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணும் இரும்புத்தாதும் கலந்து சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் வேகவைத்தால் கிளிங்கர் என்கிற கரும் உருண்டைகள் கிடைக்கும். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். இதுவரைக்கும் வீடு கட்டும் சிமெண்டின் கதையேதான். வேறுபாடு அளவுகளில் இருக்கிறது. கிணற்றுச் சிமெண்டில் இரும்பைக் கூட்டி, டிரை கால்சியம் அலுமினேட் என்ற பொருளைக் குறைத்து வைப்பார்கள். சல்பேட்டை மிகுதியாகத் தாங்கும் ரகத்தில் அது 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நிலத்தடி உப்புநீரிலுள்ள சல்பேட் அந்த அலுமினேட்டோடு சேர்ந்தால் சிமெண்ட் உப்பி வெடிக்கும். கிணற்றுச் சிமெண்டில் பரவலான வகைக்கு ஜி வகுப்பு என்று பெயர். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த தரம். இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 8229-ம் எண்ணெய்க் கிணற்றுச் சிமெண்டுக்கானதே. கிளிங்கரோடு ஜிப்சம் தவிர வேறெதையும் அரைத்துச் சேர்க்கக்கூடாது. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இங்கே வேலையில்லை.

வீட்டில் 50 கிலோ மூட்டைக்கு மணலும் ஜல்லியும் சேர்ப்போம். கிணற்றில் இரண்டும் கிடையாது. மூட்டைக்கு 22 லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான். ஓடும் பதத்தில் கிடைக்கிற அந்தக் குழம்பு தண்ணீரைப் போல 1.9 மடங்கு எடை. கொத்தனார் அவசரத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொள்வது போல இங்கே கூட்ட முடியாது. எடை குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கீழே இருப்பது மேலே வரும்.

கிணற்றுக்குப் போகும் முன் சிமெண்டைச் சோதனைக்கூடத்தில் உட்காரவைத்துப் பரீட்சை எழுத வைப்பார்கள். எந்தக் கிணற்றில் பயன்படப்போகிறதோ அந்த இடத்துத் தண்ணீரிலேயே கலக்கி, அந்த ஆழத்துக்குரிய சூட்டையும் அழுத்தத்தையும் கொடுத்து, எவ்வளவு நேரம் ஓடும் பதத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஜி வகுப்புச் சிமெண்ட் 52 டிகிரிச் சூட்டில் நடக்கும் தரச் சோதனையில் 90 நிமிடத்துக்கு முன் கெட்டியாகக்கூடாது. 120 நிமிடத்தைத் தாண்டவும் கூடாது. ஆழக் கிணற்றில் சூடு இன்னும் ஏறும், சிமெண்ட் சீக்கிரம் இறுகும். அதைத் தள்ளிப்போட லிக்னோசல்ஃபோனேட் சேர்ப்பார்கள். காகித ஆலைகளில் மரக்கூழிலிருந்து கழியும் பொருள் அது. 110 டிகிரியைத் தாண்டும் கிணறென்றால் சிமெண்டின் எடையில் 35 சதவீதம் அளவுக்குச் சிலிக்கா மாவு கலக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் கெட்டிப்பட்டது சில வாரங்களில் வலுவிழந்து துளைவிழத் தொடங்கும்.

கிணற்றுத் தளத்தில் இதற்குள் என்ன நடந்திருக்கும்? ஒரே மூச்சில் மூவாயிரம் மீட்டர் தோண்டுவதில்லை. சில நூறு மீட்டர் தோண்டியதும் அகலமான குழாயை இறக்கிச் சிமெண்ட் வைப்பார்கள். அதற்குள்ளே சின்னத் துளையாகத் தொடர்ந்து தோண்டி, இன்னொரு குழாய். மறுபடி சிமெண்ட். 20 அங்குலம், 13⅜, 9⅝, 7 என்று குழாய் சிறுத்துக்கொண்டே போகும். தளத்தில் இதைக் கேசிங் என்பார்கள். வீட்டு போர்வெல்லுக்கு இறக்குகிற கேசிங்குக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. அங்கே மண் சரியாமல் இருந்தால் போதும். இங்கே ஒரு அடுக்கின் திரவம் இன்னொரு அடுக்குக்குப் போகவே கூடாது.

முதல் பெரிய குழாய்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் குடிக்கும் நிலத்தடி நீரில் பெரும்பகுதி கடலூர் மணற்பாறையில் இருக்கிறது. கேப்பர் மலையில் செம்மண் நிறத்தில் வெளியே தெரிவதும், திருவக்கரையில் கல்மரங்களை வைத்திருப்பதும் அதே அடுக்குதான். அதற்குள் நீர் எவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறது என்பதை நெய்வேலிக்காரர்களைக் கேட்க வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஊற்றுக்கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கரும்பழுப்புப் பொருள் வந்தது; நிலக்கரியின் கதை அங்கே தொடங்கியது. பிறகு சுரங்கம் வெட்டியபோது பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருந்த ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளியது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத் தரை நிற்கும். எண்ணெய்க்காரர்கள் பேசும் அழுத்தக் கட்டுப்பாடு இந்த மாவட்டத்துக்குப் புதிய பாடமல்ல, தண்ணீரில் படித்ததுதான்.

அந்த நன்னீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் எண்ணெய்க் கிணறு கீழே போகிறது. அதனால் மேற்புறக் குழாயைச் சுற்றி வைக்கும் சிமெண்ட் அடியிலிருந்து தரைமட்டம் வரை வந்து வழிய வேண்டும். வழியாவிட்டால் மேலிருந்து ஒரு சிறு குழாயை விட்டு நிரப்புவார்கள்.

தோண்டும்போது கீழே உள்ள அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மட் எனப்படும் சேற்றுக் குழம்பு. கணக்கு எளிது: மீட்டரில் ஆழத்தைக் குழம்பின் அடர்த்தியால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 3000 மீட்டர், அடர்த்தி 1.1 என்றால் 330 கிலோ. பாறையில் இருக்கும் வாயுவின் அழுத்தம் இதைவிடக் கூடினால் அது துளைக்குள் நுழையும். இதற்குத் தளத்தில் கிக் என்று பெயர். அனுப்பிய குழம்பைவிடத் திரும்பும் குழம்பு கூடும். தொட்டியில் மட்டம் ஏறும். பம்பை நிறுத்தினாலும் குழம்பு வந்துகொண்டே இருக்கும். துளைக்கும் வேலையை நடத்தும் டிரில்லர் அப்போது யாரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கிணற்று வாயில் நிற்கும் பிஓபி என்ற பெரிய வால்வு அடுக்கை மூட வேண்டும். 1922-ல் அமெரிக்காவின் டெக்சஸில் ஜேம்ஸ் அபர்குரோம்பியும் ஹாரி கேமரனும் சேர்ந்து வடிவமைத்தது அதன் மூதாதை. மூடியதும் உள்ளே ஏறும் அழுத்தத்தைப் படித்து, எவ்வளவு கனமான குழம்பு வேண்டும் என்று கணக்கிட்டு, பேரைட் என்ற கனமான தாதுவைக் கலந்து, வாயுவை மெல்ல மெல்ல வெளியேற்றுவார்கள். கடப்பா பக்கத்து மங்கம்பேட்டையில் உலகின் மிகப்பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று இருப்பது இந்தத் தொழிலுக்கு அதிர்ஷ்டம்.

கிக் கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. 1995 ஜனவரியில் ஆந்திராவில், கோதாவரி டெல்டாவின் பாசர்லபூடியில் ஓஎன்ஜிசி கிணறு வெடித்துப் பற்றி எரிந்தது. அடங்க 65 நாள் ஆயிற்று. 2020 மே மாதம் அசாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியா கிணறு கட்டுமீறியது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். முழுதும் அடங்கியபோது நவம்பர்.

சேறு தற்காலிகக் காவல். நிலையான காவல் சிமெண்ட். ஆனால் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகிற சில மணி நேரத்தில்தான் கிணறு மிகவும் பலவீனமாக இருக்கிறது.

குழாய் இறங்கியதும் அதன் உள்ளே ரப்பர் அடைப்பான் ஒன்றை விட்டு, அதன் பின்னால் சிமெண்ட் குழம்பைப் பம்பு செய்வார்கள். சிமெண்ட் முடிந்ததும் இரண்டாவது அடைப்பான். அதன் பின்னால் சேறு. முதல் அடைப்பான் அடியில் போய் உட்கார்ந்து கிழியும். சிமெண்ட் குழாயின் அடிவாயால் வெளியேறி, சுற்றிலுமுள்ள சந்து வழியாக மேலேறும். இரண்டாவது அடைப்பான் போய் முட்டியதும் பம்பின் அழுத்தமானி திடீரென்று ஏறும். வேலை முடிந்தது. அடியிலிருக்கும் ஒருவழி வால்வு சிமெண்டைத் திரும்ப விடாது. அடைப்பான் வைத்துச் சிமெண்டைச் சேற்றோடு கலக்காமல் அனுப்பும் இந்த முறை கலிபோர்னியாவில் 1910-ஐ ஒட்டி ஆல்மண்ட் பெர்கின்ஸ் என்பவர் கண்டது. அவரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்த எர்ல் ஹாலிபர்ட்டன் 1919-ல் தனிக் கம்பெனி தொடங்கினார்.

8½ அங்குலத் துளையில் 7 அங்குலக் குழாய் இறங்குகிறது என்று வைப்போம். குழாய் நட்ட நடுவில் நின்றால் சுற்றிலும் 19 மில்லிமீட்டர் சந்து. ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு அதை நிரப்ப 16 டன் போலச் சிமெண்ட் போதும். முந்நூறு சொச்சம் மூட்டை. ஒரு நடுத்தர வீட்டின் செலவுகூட இல்லை. இதில் தப்புவதற்கு வழிகள்தான் ஏராளம். குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாறையில் ஒட்டினால் அந்தப் பக்கம் சிமெண்ட் நுழையாது. அதனால்தான் இடையிடையே விற்கள் போன்ற சென்ட்ரலைசர்களை மாட்டி இறக்குகிறார்கள். பழைய சேறு முழுக்க வெளியேறாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் சிமெண்டுக்கும் பாறைக்கும் நடுவே சேற்றுத் தடம் தங்கிவிடும். பின்னாளில் வாயுவுக்கு அதுவே பாதை. டெல்டாவின் களிப்பாறை வேறு, தண்ணீர் பட்டால் ஊறிச் சரியும். எதிர்பார்த்ததைவிட அகலமான குகைகள் விழும். அளவெடுத்துப் பார்க்காமல் மூட்டையைக் கணக்கிட்டால் சிமெண்ட் பாதியிலேயே நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் நுட்பமான ஆபத்து சிமெண்ட் உறையும் விதத்தில் இருக்கிறது. குழம்பாக இருக்கும்வரை அது தன் முழு எடையையும் கீழே இறக்கி வாயுவை அழுத்தி வைக்கிறது. கெட்டியான பிறகு அதன் வலுவே தடை. நடுவில், பால் தயிராகும்போது பாலும் இல்லாமல் தயிரும் இல்லாமல் ஒரு பதம் வருமே, அந்த நேரத்தில் குழம்பு துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கத் தொடங்கும். எடை கீழே இறங்காது, வலுவும் வந்திருக்காது. வாயு அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்கும். மெல்லிய இழைகளாக ஊடுருவி ஏறினால் அந்தத் தடங்களோடேயே சிமெண்ட் இறுகிவிடும். இதைத் தடுக்க லேடெக்ஸ் கலப்பது, அந்த இடைப்பட்ட நேரத்தைக் குறுக்குவது, மேலிருந்து அழுத்தம் கொடுத்து வைப்பது என்று பல வித்தைகள் உண்டு. சிமெண்ட் இறுகும்வரை தளத்தில் வேறு வேலை இல்லை. அவசரக்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பு வீண் செலவாகத் தோன்றும். ரிக் எனப்படும் துளைக்கும் இயந்திரத்தின் வாடகை நாள் கணக்கில் ஓடுகிறதல்லவா!

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளைப்பு மேடை வெடித்து 11 பேர் இறந்ததில் முதலில் தோற்றது சிமெண்ட். அது தோண்டிய மக்கோண்டோ கிணற்றின் அடியில் வைத்த நைட்ரஜன் நுரைச் சிமெண்ட் வாயுவை அடைக்கவில்லை. அழுத்தத்தை இறக்கிப் பார்த்த சோதனையில் அறிகுறி தெரிந்தும் தவறாகப் படித்தார்கள். சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று ஒலியால் சோதிக்க வந்திருந்த குழுவை அன்று காலைதான் வேலை வாங்காமலே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஒலிச் சோதனையைப் பற்றி நம் ஊர்க் கூட்டங்களில் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. சிமெண்ட் பாண்ட் லாக் என்று பெயர். குழாய்க்குள் ஒரு கருவியை இறக்கி ஒலியைத் தட்டிவிடுவார்கள். பின்னால் சிமெண்ட் நன்றாகப் பிடித்திருந்தால் ஒலி அமுங்கித் திரும்பும்; வெற்றுக் குழாயாக இருந்தால் கணகணவென்று கேட்கும். ஆழத்துக்கு ஆழம் அது ஒரு நீளத் தாளில் கோடாகப் பதிவாகும். எங்கே அடைப்பு நன்று, எங்கே மோசம் என்று அதில் தெரியும். மோசமான இடத்தில் குழாயைத் துளைத்து மறுபடி சிமெண்டை அழுத்தி ஏற்றலாம். இன்னொரு சான்று இதைவிட எளிது. கிணற்றுத் தலையில் இரண்டு குழாய்களுக்கு நடுவிலுள்ள சந்துக்கென்று ஓர் அழுத்தமானி இருக்கும். அங்கே அழுத்தம் இறக்கிவிட்டாலும் திரும்பத் திரும்ப ஏறினால் கீழே எங்கோ கசிவு இருக்கிறது.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீப்பிடித்தது. கசிந்தது கிணறல்ல, எண்ணெயைக் கொண்டுபோகும் குழாய். அது கண்ணுக்குத் தெரிந்தது, ஊரே திரண்டது. கோபம் நியாயம். ஆனால் மண்ணுக்கு அடியில், 19 மில்லிமீட்டர் சந்தில் நடக்கும் கசிவுக்கு யாரும் திரள முடியாது. எண்ணெய் நிறுவனம் 'எல்லாம் பாதுகாப்பானது' என்பதும், எதிர்ப்பாளர் 'எல்லாம் நஞ்சு' என்பதும் எனக்கு ஒரே அளவுக்குத்தான் பயன்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட கிணற்றின் ஒலிப்பதிவும் அழுத்தமானியின் வாசிப்பும் இரண்டு தரப்பையும்விட அதிகம் சொல்லும்.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதற்குள் வருகின்றன. மண்ணுக்குள்ளிருக்கும் பாறையடுக்குகளின் பெயர்ப் பட்டியலும் இந்தச் சட்டத்தின் அட்டவணையும் இத்தனை ஒத்துப்போவதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. புதிதாக எண்ணெய், வாயு தேடுவதற்குத் தடை. ஏற்கெனவே நடப்பவற்றைச் சட்டம் தொடவில்லை. ஆகவே புவனகிரிப் பக்கம் இறங்கிய சிமெண்ட் இறங்கியதுதான். அது தன் வேலையைத் தொடர வேண்டும். பல பத்தாண்டுகளில் குழாய் சூடேறி ஆறி, அழுத்தம் ஏறி இறங்கி, சிமெண்டுக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழலாம்.

எண்ணெய் வற்றிய கிணற்றுக்குக் கல்லக்குடிக் கல் கடைசியாக ஒரு தடவை வந்தாக வேண்டும். கைவிடும் முன், எண்ணெய் வந்த துளைகளின் மேல் ஒரு சிமெண்ட் அடைப்பு, குழாய்களின் அடிவாய்களில் ஒன்று, தரைக்கு அருகே ஒன்று என்று வைப்பார்கள். பிறகு குழாயை உழவுக்குத் தட்டுப்படாத ஆழத்தில் அறுத்து, இரும்புத் தகட்டால் மூடி, மண் போட்டு நிலத்தை ஒப்படைப்பார்கள். அடைப்பு நின்றதா என்று பார்க்கும் முறை பழங்காலத்தது: துளைக் குழாயை இறக்கி அதன் மேல் எடையைச் சாய்ப்பது, அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. தாங்கினால் ஆழம், எடை, அழுத்தம், தேதி என்று பதிவேட்டில் ஏறும். தரையில் நடக்கும் எண்ணெய் வேலைகளின் பாதுகாப்பு, 2017-ன் எண்ணெய்ச் சுரங்க விதிமுறைகளின்படி, மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் பொறுப்பு. கிணற்றின் இருப்பிடமும் அந்த நான்கு விவரங்களும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நகலாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பேன். பத்து வருஷம் கழித்து அதே நிலத்தில் ஒருவர் போர் போட வரும்போது, ரிக்கை எங்கே நிறுத்தலாம் என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியும்.